எது அதிக சுவாரஸ்யம், மிளகாயா, பெப்பர்மின்ட்டா?

இரண்டுமே நாக்கை ஏமாற்றுபவைதான். சுமார் 43 டிகிரி சூட்டில் திறக்க வேண்டிய, சூட்டை உணரும் நரம்பு வாசலை மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் சும்மாவே திறந்துவிடுகிறது. வாய் வேகவில்லை, ஆனால் வேகிறது என்றே மூளை நம்பி, நெற்றியில் வியர்வையை வரவழைக்கிறது. தண்ணீர் குடித்தும் பயனில்லை, கேப்சைசின் அதில் கரையாது. பாலுக்கோ தயிருக்கோதான் அடங்கும். பறவைகளின் வாசல் மட்டும் இதற்கு மசியாது. அவை பழத்தைத் தின்று விதையைப் பரப்பும்.

பெப்பர்மின்ட்டின் மெந்தால் குளிர்ச்சி வாசலைத் தொடுகிறது. மிட்டாயைச் சப்பிவிட்டு வெறும் தண்ணீர் குடித்துப் பாருங்கள், ஐஸ் தண்ணீர்தான்!

சரி, என் ஓட்டு மிளகாய்க்கே. 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட டேவிட் ஜூலியஸின் குழுவும் அதன் வாசலைத்தான் முதலில், 1997இல், கண்டுபிடித்தது.