பாண்டி மொத்த விலைக் கடைக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு: பில் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்

கடலூரிலிருந்து பாண்டிக்குப் போய் மாதச் சாமானை மொத்தமாக அள்ளிக்கொண்டு வருகிறவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். இது அவர்களுக்கு. ஊருக்கு வெளியே பெரிய தகரக் கொட்டகை போட்டு, இரும்பு ரேக்கில் கூரை வரை பெட்டி பெட்டியாக அடுக்கி, "வியாபாரிகளுக்கு மட்டும்" என்று வாசலில் எழுதிவைத்துவிட்டு, உள்ளே குடும்பம் குடும்பமாக ஆளை விடுகிற ஒரு கடையில் எங்களுக்கு நடந்தது. கடையின் பெயரைப் போடவில்லை. புகார் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்பாக்ஸில் வந்து கேட்டாலும் சொல்லமாட்டேன்.

எங்கள் காம்பவுண்டில் நாலைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்வது வழக்கம். எண்ணெய், அரிசி, கோதுமை மாவு, சோப்பு, துணி துவைக்கிற லிக்விட், பினாயில், குப்பைப் பை. இதுவரை திருப்பாப்புலியூர் மண்டிக் கடையிலேயே வாங்கிக்கொண்டிருந்தோம். "பாண்டியில சல்லிசு" என்று பேச்சு வந்ததும் இந்த முறை ஒரு குட்டியானை பிடித்துக்கொண்டு கிளம்பினோம். வாடகை 1,400 ரூபாய்.

அந்த "பாண்டியில சல்லிசு" என்பது ஜிஎஸ்டிக்கு முந்தைய வாட் வரிக் காலத்துப் பேச்சு. அப்போது இரண்டு பக்கமும் வரி வேறு வேறு. ஃபிரிட்ஜ், டிவி வாங்கக்கூட இங்கிருந்து போவார்கள். 2017 ஜூலை 1-க்குப் பிறகு எல்லையில் இருக்கிற ஆல்பேட்டை செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே ஜிஎஸ்டிதான். பெட்ரோலும் மதுவும் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை, அதனால் அவை இன்னும் அங்கே விலை குறைவு. சோப்புக்கும் எண்ணெய்க்கும் அந்தக் கணக்கு இல்லை. கடை கடைக்கு விலை மாறலாம், அது வேறு விஷயம்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

இந்த மாதிரிக் கடைகளில் உள்ளே போக அட்டை வேண்டும். ஜிஎஸ்டி எண்ணோ வியாபார லைசென்ஸோ காட்டினால்தான் அட்டை தருவார்கள், ஏனென்றால் அவர்கள் விற்க வேண்டியது வியாபாரிகளுக்கு. எங்களிடம் ஒன்றும் இல்லை. திரும்பிவிடலாம் என்றுதான் நின்றோம். கவுன்டரில் இருந்த பையன் விடவில்லை. "ஜிஎஸ்டி நம்பர் இல்லியாக்கா? பரவால்ல. போன் நம்பர் மட்டும் சொல்லுங்க, இன்னிக்கி ஒரு நாளைக்கு பாஸ் போட்டுத் தரேன்." அது என்ன பாஸ் என்று கேட்டதற்கு, "சும்மா ஃபார்மாலிட்டிக்கா" என்றான். எங்களுக்குப் பின்னால் கைக்குழந்தையோடு நின்றவர்களுக்கும் அதே பாஸ்தான்.

அந்தத் துண்டுச் சீட்டில் எதுவும் தெரியாது, ஒரு பார்கோடு மட்டும். பில் போட்டபோதுதான் வேலை நடந்தது. மூன்று முழ நீளத்துக்கு பில் வந்தது. வாசலில் செக்யூரிட்டி அதில் ஓட்டை போட்டு, வண்டியை எடுங்க எடுங்க என்று அவசரப்படுத்தினார். வீட்டுக்கு வந்து சாமானைப் பிரிக்கும்போது மாடி வீட்டு அக்கா பில்லை விரித்தார். அவர் கூட்டுறவுப் பண்டகசாலையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். பில் என்றால் முதல் வரியிலிருந்து படிப்பார். "என்னடி இது, யாரோ ஸ்டோர்ஸ்னு போட்டிருக்கு? இந்தக் கடை யாருது?"

வாங்குபவர் என்ற இடத்தில் நாங்கள் கேள்வியே படாத ஒரு மளிகைக் கடையின் பெயர், முகவரி, பதினைந்து இலக்க ஜிஎஸ்டி எண். எங்கள் பெயர் எங்கேயும் இல்லை. போன் நம்பர் மட்டும் ஒரு மூலையில்.

இதனால் என்ன, சாமான் நம்ம வீட்டுக்கு வந்துவிட்டதே என்று என் வீட்டுக்காரர்கூடக் கேட்டார். அக்கா விளக்கினார். அந்த பில்லில் நாம் கட்டிய வரி அந்த ஜிஎஸ்டி எண்ணின் கணக்கில் ஏறும். அந்தக் கடைக்காரர் நினைத்தால் தான் அரசுக்குக் கட்ட வேண்டிய வரியிலிருந்து அதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். காசு நம்முடையது, கழிவு இன்னொருவருக்கு. அவருக்குத் தெரிந்து நடக்கிறதா, தெரியாமல் அவர் எண்ணை எடுத்து ஓட்டுகிறார்களா, கடவுளுக்கே வெளிச்சம். நமக்கு அதைவிடப் பெரிய அடி வேறு இடத்தில் விழுந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

விலைப் பலகை. ரேக்கில் மஞ்சள் அட்டையில் கொட்டை எழுத்தில் ஒரு விலை. அதன் அடியில் எறும்பு ஊர்வது மாதிரி "வரி தனி". வியாபாரிக்கு அது சரி, அவர் வரியைக் கழித்துக்கொள்வார். குடும்பத்துக்கு வாங்குகிறவருக்கு அந்தக் கொட்டை எழுத்து விலையால் ஒரு பிரயோஜனமும் இல்லை. சமையல் எண்ணெய்க்கு 5 சதவீதம் ஏறும், துணி துவைக்கிற பவுடருக்கும் லிக்விடுக்கும் 18 ஏறும். குளியல் சோப்பு, ஷாம்பு, பற்பசைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 18-லிருந்து 5 ஆகிவிட்டது. எங்கள் பில்லில் ஒரு குளியல் சோப்புப் பெட்டிக்கு இன்னும் 18 போட்டிருந்தார்கள். கேட்டால், "அது பழைய ஸ்டாக் மேடம்." பழைய ஸ்டாக்காக இருந்தாலும் வரி விற்கிற தேதிக்கு உள்ளதுதான்.

எண்ணெய் டின்னில் ஏமாற்று இன்னும் நுணுக்கம். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ரகம் டின் வைத்திருந்தார்கள், அளவில் பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. ஒன்று 2,250, இன்னொன்று 2,400. அட்டையில் இரண்டுக்கும் "15" என்று மட்டும். குறைந்த விலை டின்னைத்தான் எல்லோரும் எடுக்கிறார்கள், நாங்களும் எடுத்தோம். அது 15 லிட்டர். மற்றது 15 கிலோ. சூரியகாந்தி எண்ணெய் ஒரு லிட்டர் கிட்டத்தட்ட 910 கிராம்தான் எடை இருக்கும். அப்படியென்றால் 15 கிலோ டின்னில் சுமார் பதினாறரை லிட்டர் இருக்கிறது. கணக்குப் போட்டால் விலை கூடிய டின்தான் லிட்டருக்கு 146 ரூபாய் கிட்டே வருகிறது. குறைந்த விலை டின் 150. அதன் மேல் 5 சதவீத வரி சேர்ந்து பில்லில் 2,362.50, அதாவது லிட்டர் 157 ரூபாய் 50 காசு. எங்கள் தெருமுனைக் கடையில் ஒரு லிட்டர் பாக்கெட்டே 155-க்குக் கிடைக்கிறது, அதுவும் வரி உள்பட, அதுவும் கடனுக்கு.

அதே வரிசையில் எம்ஆர்பியே அச்சிடாத டப்பாக்களும் இருந்தன. "சில்லறை விற்பனைக்கு அல்ல" என்று போட்டிருக்கும். ஓட்டல், ஆஸ்பத்திரி போன்ற இடங்கள் கம்பெனியிடமிருந்து நேரடியாக வாங்குவதற்கான பேக்கிங் அது. அதில் எம்ஆர்பி கேட்க முடியாது என்பதுதான் அதை நம் தலையில் கட்டுவதில் உள்ள வசதி.

அரிசி மூட்டையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. 26 கிலோ மூட்டையைப் பார்த்துவிட்டு இதிலும் ஏதோ தில்லுமுல்லு என்று எங்களில் ஒருவர் சண்டைக்குப் போனார். அது கடைக்காரர் வேலை இல்லை. 2022 ஜூலை 18-லிருந்து 25 கிலோ வரையிலான லேபிள் போட்ட அரிசி மூட்டைக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. அதைத் தாண்டினால் வரி இல்லை. அதனால் ஆலைகளே 26 கிலோ மூட்டைக்கு மாறிவிட்டன. விலையைக் கிலோவுக்குப் பிரித்துப் பார்த்துவிட்டு வாங்கலாம்.

லிக்விட் கேன் விஷயத்துக்கு வருகிறேன். 5 லிட்டர் கேன், மஞ்சள் அட்டையில் 480. பில்லில் 18 சதவீதம் சேர்த்து 566.40. கேனின் அடியில் எம்ஆர்பி 550! எம்ஆர்பி என்பது எல்லா வரியும் உள்ளடக்கிய விலை. அதற்கு மேல் ஒரு பைசா வாங்கக்கூடாது, மொத்தக் கடையானாலும் சரி, பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையானாலும் சரி. நாங்கள் நான்கு கேன் எடுத்திருந்தோம். அதில் ஒன்று மூடி சரியாக முறுக்காமல் வண்டியிலேயே ஒழுகி, ஒரு அரிசி மூட்டையின் அடிப்பக்கம் முழுக்க நுரை.

கோதுமை மாவுதான் எல்லாவற்றையும்விட மோசம். ஐந்து கிலோ பைகள் நான்கை பிளாஸ்டிக் தாளில் சுற்றி ஒரே கட்டாக விற்றார்கள். தாளுக்கு மேல் ஒட்டிய ஸ்டிக்கரில் தேதி புதுசு. பிரித்தால், வெளியே தெரிகிற இரண்டு பை அந்தத் தேதி, நடுவில் இருந்த இரண்டும் பயன்படுத்தச் சொன்ன காலம் தாண்டியவை. ஒன்றைத் திறந்ததும் மாவு நூலாம்படை கட்டி வண்டு ஓடியது. கடையில் அந்தச் சுற்றைப் பிரிக்க விடமாட்டார்கள், பிரித்தால் வாங்கியாக வேண்டும். கட்டு கட்டுவது கம்பெனியா கடையா என்று பார்க்க ஒரு வழி உண்டு. கம்பெனி கட்டினால் எத்தனை பை, ஒவ்வொன்றும் எவ்வளவு எடை, மொத்தம் எவ்வளவு என்று மேலே அச்சடித்திருக்கும். கடை கட்டினால் வெறும் ஸ்டிக்கர்தான். எங்களுக்கு வந்தது ஸ்டிக்கர்.

மாவையும் ஒழுகின கேனையும் எடுத்துக்கொண்டு நானும் அக்காவும் திரும்பப் போனோம். கஸ்டமர் கேர் கவுன்டரில் அரை நாள் நிற்கவைத்தார்கள். மேனேஜர் வந்தார். பில்லைப் பார்த்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"மேடம், இது வியாபாரி பில். ரிட்டர்ன் பாலிசி ரீடெயில் கஸ்டமருக்குத்தான். பில்லுல இருக்கிற பார்ட்டி வந்தா பேசலாம்."

"அந்தப் பார்ட்டி யாருங்க?"

"உங்களுக்குத்தான மேடம் தெரியும். உங்க பில்லு."

வாசலில் பாஸ் போட்டுக் கொடுத்த பையனைக் கூப்பிடச் சொன்னோம். அப்படி யாரும் பாஸ் போடுவதில்லை என்றார். அக்கா மட்டும் விடாமல் எம்ஆர்பியைக் காட்டிச் சத்தம் போட்டதில், கேனுக்கு 16 ரூபாய் 40 காசு வீதம் எண்ணி மேசையில் வைத்தார்கள். கையெழுத்து, ரசீது ஒன்றும் இல்லாமல். மாவும் ஒழுகின கேனும் எங்களோடு திரும்பி வந்தன.

கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி ஒன்றும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று அச்சடித்திருந்தாலும் கெட்டுப்போன மாவுக்கு அது செல்லாது. ஆனால் அந்தச் சட்டம் மறுவிற்பனைக்கு வாங்குகிறவரை நுகர்வோராகக் கணக்கில் எடுப்பதில்லை. பில்லில் ஒரு மளிகைக் கடை பெயரைப் போட்ட நிமிடமே, நம்மை அந்தச் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிட்டார்கள். வாங்கியது வீட்டுக்குத்தான் என்று நாமே காட்ட வேண்டிய நிலை. வாசலில் அந்தப் பையன் காட்டிய தாராளத்தின் உள்நோக்கம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். பழைய சரக்கைத் தள்ளிவிட இதைவிடப் பாதுகாப்பான வாடிக்கையாளர் கிடைப்பாரா?

1915-க்குப் போன் போட்டோம். தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசினார்கள், புகார் எண் தந்தார்கள். கடைத் தரப்பிலிருந்து வந்த பதில் எதிர்பார்த்ததே: புகார்தாரர் பதிவு பெற்ற வியாபாரி. அதன் பிறகு நுகர்வோர் மனுக்களுக்கான அரசு இணையதளமான இ-ஜாக்ரிதி வழியாக கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறோம். கடை பாண்டியில் இருக்கிறதே, அங்கேதான் அலையணுமா என்று பயந்தோம். வேண்டாம், நாம் குடியிருக்கிற ஊரிலேயே போடலாம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணமும் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை.

எங்களுக்குக் கைகொடுப்பது ஒன்றே ஒன்று. பணத்தை ஜிபேயில் என் கணக்கிலிருந்து கட்டினேன். பில்லில் யார் பெயர் இருந்தாலும் காசு போனது என் வங்கிக் கணக்கிலிருந்து, அதே தொகை, அதே நிமிடம். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் இவ்வளவு பேசவே முடிந்திருக்காது. அடுத்தது, அக்கா பையைத் திறக்கும் முன்பே கட்டோடு போட்டோ எடுத்தது. ரேக்கில் இருந்த மஞ்சள் அட்டையையும் எடுத்திருக்கலாம், திரும்பப் போனபோது அதை மாற்றிவிட்டிருந்தார்கள்.

போகவே போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. குப்பைப் பை, பினாயில், துடைப்பம் எல்லாம் உண்மையிலேயே மலிவு. போகிறவர்கள் வாசலில் பாஸ் போடும்போதே, பில் என் பெயரில் வருமா என்று கேளுங்கள். வராது என்றால் வண்டியைத் திருப்புங்கள். பணம் கட்டுவதற்கு முன் திரையில் வாங்குபவர் பெயரைக் காட்டச் சொல்லுங்கள். பாக்கெட்டில் எம்ஆர்பிக்குப் பக்கத்திலேயே ஒரு கிலோவுக்கோ ஒரு கிராமுக்கோ என்ன விலை என்று சின்னதாக அச்சிட்டிருக்கும், இப்போது அது கட்டாயம். மஞ்சள் அட்டையை விட்டுவிட்டு அதைப் பாருங்கள்.

ஏற்கெனவே இப்படிப்பட்ட கடைகளில் வாங்கியவர்கள் வீட்டில் கிடக்கிற பழைய பில்லை எடுத்து மேல் வரியைப் படித்துப் பாருங்கள். தெரியாத கடையின் பெயர் இருந்தால் உடனே போட்டோ எடுத்துவிடுங்கள், அந்தக் காகிதத்தில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும். எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் பில்லிலும் அதே ஸ்டோர்ஸ் பெயர்தான் இருக்கிறதா என்று கீழே எழுதுங்கள். ஆணையத்தில் அதையும் சேர்த்துக் கொடுக்கலாம் என்று அக்கா சொல்கிறார்.