அரக்கு அரக்காகவே தெரிய: ஒரு 4கே மானிட்டரோடு நான்கு வருடம்

2021 ஆடியில் ஒரே வாரத்தில் ஏழு சேலைகள் திரும்பி வந்தன. ஏழும் அரக்கு நிறச் சுங்குடி. படம் எடுத்து நிறம் சரிசெய்து கொடுத்தவன் நான். சாயம் போடுகிற பெரியவர் அதில் ஒன்றைக் கையோடு எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். கோபமாக எதுவும் பேசவில்லை. சேலையை என் கீபோர்டு மேல் விரித்துப் போட்டு, தன் போனில் இருந்த படத்தை அதன் பக்கத்தில் வைத்தார்.

"தம்பி, இது நாங்க முக்குன கலரு இல்லியே. செங்கல் மாதிரில்ல இருக்கு."

என் திரையில் அதே படம் அசல் அரக்காகத்தான் தெரிந்தது. போனில் செங்கல். நான் படத்தைத் தப்பாகத் திருத்தவில்லை, தப்பாகக் காட்டுகிற திரையைப் பார்த்துத் திருத்தியிருக்கிறேன் என்பது அப்போதுதான் புரிந்தது. என்னிடம் இருந்தது 22 இன்ச் மானிட்டர், டிஎன் என்கிற விலை மலிவான வகைப் பேனல். எல்லாவற்றிலும் லேசாக நீலம் ஏற்றிக் காட்டும். அந்த நீலத்தை ஈடுகட்ட நான் மஞ்சளைக் கூட்ட, பார்க்கிறவர்கள் போனில் அந்த மஞ்சள் மட்டும் போய்ச் சேர்ந்திருக்கிறது. டிஎன் பேனலில் இன்னொரு தொல்லையும் உண்டு: நாற்காலியில் கொஞ்சம் சரிந்து உட்கார்ந்தாலே திரையின் மேல்பாதி ஒரு நிறம், கீழ்பாதி ஒரு நிறம்.

மதுரையில் எனக்கு இரண்டு வேலை. முகூர்த்த நாட்களில் கல்யாண ஆல்பம், மற்ற நாட்களில் ஆன்லைனில் விற்கிற சுங்குடிக்காரர்களுக்குப் படம். சௌராஷ்ட்ர மக்கள் தலைமுறை தலைமுறையாக முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றி வரும் சேலை இது. 2005-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கடைக்கு வந்து தொட்டுப் பார்த்து வாங்குகிறவருக்கு என் படம் தேவையில்லை. கோயமுத்தூரிலோ பெங்களூரிலோ உட்கார்ந்து வாங்குகிறவருக்கு அந்தப் படம்தான் சேலை. ஏழு பார்சலுக்கும் போக வரக் கூலி அந்தப் பெரியவர் கையை விட்டுப் போனது. அந்த வாரமே நல்ல மானிட்டர் வாங்குவது என்று முடிவெடுத்தேன்.

டவுன்ஹால் ரோட்டில் நான்கு கடை ஏறி இறங்கினேன். வெளியே வைத்திருந்தவை எல்லாம் கேமிங் மானிட்டர்கள், இல்லாவிட்டால் பில் போடும் கவுண்ட்டருக்கான சின்ன மானிட்டர்கள். நிற வேலைக்கானவை கேட்டால் வரவழைத்துத் தருகிறோம் என்றார்கள். கண்ணால் பார்த்து வாங்க வழி இல்லாததால், காகிதத்தில் இருப்பதைப் படித்துத்தான் தேற வேண்டியிருந்தது. டெல் அல்ட்ராஷார்ப், பென்க்யூ, ஏசஸ் புரோஆர்ட், எல்ஜி, ஐசோ கலர்எட்ஜ் என்று எல்லா வரிசையையும் அலசினேன். கடைசியில் வாங்கிய மாடலின் பெயரை இங்கே எழுதவில்லை. மாடல்கள் வருடா வருடம் மாறும், பார்க்க வேண்டியவை அவ்வளவாக மாறுவதில்லை.

நான் எடுத்தது 27 இன்ச், 4கே (அதாவது 3840-க்கு 2160 புள்ளி), ஐபிஎஸ் என்கிற வகைப் பேனல். மானிட்டருக்கு ரூ.52,000. நிறம் அளக்கும் கருவிக்கு, அதாவது கலரிமீட்டருக்கு, ரூ.19,000. இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு பொருள். ஐம்பதாயிரம் போட்டு மானிட்டர் வாங்கிவிட்டு அளக்கும் கருவி இல்லாமல் விடுவது, தராசு வாங்கிப் படிக்கல் வாங்காமல் விடுவது போலத்தான். 32 இன்ச்சுக்கு மேல் போனால் அப்போது ஜிஎஸ்டி 28 சதவீதம், 32 வரை 18. (2025 செப்டம்பர் 22 முதல் பெரியதற்கும் 18 ஆகிவிட்டது.) ஜிஎஸ்டி எண் வைத்துத் தொழில் செய்கிறவர்கள் அந்த எண்ணில் பில் வாங்கினால் வரியைக் கழித்துக்கொள்ளலாம். மறக்காமல் கேளுங்கள்.

27 இன்ச்சில் 4கே என்றால் ஒரு இன்ச்சுக்கு 163 புள்ளி. சுங்குடியில் முடிச்சு அவிழ்த்த இடத்தில் வருகிற புள்ளிக்கு நடுவே சாயம் லேசாகக் கசிந்திருக்கும், கையால் கட்டியதற்கு அதுதான் அடையாளம். பழைய திரையில் அது தெரியவே தெரியாது. இப்போது படத்தைப் பெரிதாக்காமலே தெரிகிறது. விண்டோஸில் ஸ்கேலிங்கை 150 சதவீதத்தில் வைத்திருக்கிறேன், எழுத்து அளவாக இருக்கிறது.

இனி கேபிள் கதை. என்னை ரொம்ப அலைக்கழித்தது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெட்டியைப் பிரித்த அன்று, மேஜையில் ஏற்கெனவே கிடந்த எச்டிஎம்ஐ கேபிளையே சொருகினேன். படம் வந்தது, 4கே என்றும் காட்டியது. ஆனால் மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி விட்டு விட்டுப் போகிறது, விண்டோவை இழுத்தால் ஜவ்வு மாதிரி பின்னாலேயே வருகிறது. பேனல் கோளாறு என்று பயந்து கடைக்கு போன் செய்தேன். "செட்டிங்ஸ்ல போய் எத்தனை ஹெர்ட்ஸ்னு பாருங்கண்ணே" என்றார் அந்தப் பையன். பார்த்தால் 30. என் பழைய லேப்டாப்பின் எச்டிஎம்ஐ போர்ட் 1.4 வகை, 4கே படத்தை அது நொடிக்கு 30 முறைக்கு மேல் அனுப்பாது. 60 வேண்டுமானால் எச்டிஎம்ஐ 2.0 இருக்க வேண்டும், இல்லாவிட்டால் டிஸ்ப்ளேபோர்ட் என்கிற இன்னொரு வகை இணைப்பில் 1.2. கணினி, கேபிள், மானிட்டர் மூன்றுமே அந்தத் தரத்தில் இருந்தால்தான் நடக்கும். ஒன்று பழசானாலும் மற்ற இரண்டும் அதன் அளவுக்கு இறங்கிவிடும்.

அந்த லேப்டாப்பில் யுஎஸ்பி-சி போர்ட் ஒன்று இருந்தது. சரி, அதில் போடலாம் என்று போன் சார்ஜர் கேபிளை எடுத்துச் சொருகினேன். திரை கறுப்பாகவே நின்றது. போனோடு வருகிற சி கேபிள்களில் பெரும்பாலும் சார்ஜுக்கும் மெதுவான டேட்டாவுக்கும் உள்ள கம்பிகள் மட்டுமே இருக்கும், படம் போக வேண்டிய கம்பிகள் இருக்காது. வாய் ஒரே மாதிரி இருப்பதால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறோம். மானிட்டர் பெட்டிக்குள் தடியாக, ஒரு மீட்டர் நீளத்தில் ஒரு கேபிள் இருந்தது. அதைப் போட்டதும் படம் வந்தது, 60 ஹெர்ட்ஸும் வந்தது, லேப்டாப்பும் அதே கம்பியில் சார்ஜ் ஆனது. போர்ட்டும் படம் அனுப்பத் தெரிந்ததாக இருக்க வேண்டும். லேப்டாப் வாங்கும்போதே "டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோடு" இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அதற்கப்புறமும் ஒரு சிக்கல். மானிட்டரின் பின்னால் இருக்கும் யுஎஸ்பியில் கார்டு ரீடரைப் போட்டால் 64 ஜிபி கார்டு காப்பி ஆக அரை மணி நேரம் ஆனது. என் லேப்டாப்பில் இருந்தது பழைய டிஸ்ப்ளேபோர்ட் 1.2 வேகம். அந்த வேகத்தில் 4கே படம் கேபிளில் உள்ள நான்கு வழித்தடத்தையும் தானே எடுத்துக்கொள்கிறது, டேட்டாவுக்கு மிஞ்சுவது யுஎஸ்பி 2.0 மட்டும். டிஸ்ப்ளேபோர்ட் 1.4 உள்ள கணினி என்றால் படம் இரண்டு தடத்தில் போய்விடும், மற்ற இரண்டும் டேட்டாவுக்கு. மானிட்டர் மெனுவில் படம் முக்கியமா டேட்டா வேகம் முக்கியமா என்று கேட்கிற ஒரு இடம் உண்டு. அதன் அர்த்தம் இதுதான். நான் கார்டு ரீடரை லேப்டாப்பிலேயே நேராகப் போட்டுவிட்டேன்.

மூன்றாவது வருடம் மேஜைக் கணினி ஒன்று கட்டினேன். அதை எச்டிஎம்ஐ 2.0-ல் இணைத்த அன்று, ஒரு வெள்ளைச் சேலையின் கறுப்பு பார்டர் சாம்பலாகத் தெரிந்தது. கேலிப்ரேஷன், அதாவது கருவியால் அளந்து நிறத்தைச் சரிசெய்து வைத்தது, கெட்டுவிட்டதோ என்று இரண்டு முறை மறுபடி அளந்தேன். கடைசியில் பார்த்தால், கிராபிக்ஸ் கார்டு என் மானிட்டரை டிவி என்று எடுத்துக்கொண்டு 0 முதல் 255 வரை போக வேண்டிய அளவை 16 முதல் 235-க்குள் சுருக்கி அனுப்பியிருக்கிறது. டிரைவர் செட்டிங்ஸில் "ஃபுல்" என்று மாற்றியதும் கறுப்பு கறுப்பானது. அன்றோடு டிஸ்ப்ளேபோர்ட் கேபிளுக்கு மாறிவிட்டேன். எச்டிஎம்ஐ 2.0-ல் 4கே, 60 ஹெர்ட்ஸ், 10 பிட் (நிறப் படிகளை இன்னும் நுணுக்கமாகக் காட்டும் அளவு) மூன்றும் நிறத்தைக் குறைக்காமல் ஒன்றாகப் போக முடியாது, டிஸ்ப்ளேபோர்ட்டில் போகும். மேஜைக் கணினி வைத்திருப்பவர்களுக்கு நான் வேறு எதையும் சொல்ல மாட்டேன்.

நிறத்துக்கு வருவோம். ஐபிஎஸ் பேனலில் எந்தப் பக்கம் இருந்து பார்த்தாலும் நிறம் பெரிதாக மாறாது. பெரியவரும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே நிறத்தைப் பார்க்க முடிகிறது. என் மானிட்டர் டிசிஐ-பி3 என்கிற அகலமான நிற எல்லையில் 95 சதவீதம் காட்டும். மிளகாய்ப்பழச் சிவப்பில் இது உதவுகிறது. பழைய திரையில் அந்தச் சிவப்பு ஒரே தகடாக, மடிப்பே தெரியாமல் நிற்கும். ஆனால் மயில் கழுத்து நிறத்தில் எனக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை. பச்சையும் நீலமும் கலக்கிற அந்த இடத்தில் அடோபி ஆர்ஜிபி எல்லைதான் அதிகம் விரியும், பி3 அந்த அளவுக்குப் போகாது. மறுபடி வாங்கினால் அடோபி ஆர்ஜிபி 99 சதவீதம் காட்டுவதைத்தான் தேடுவேன்.

அகல எல்லை கையில் இருக்கிறது என்பதற்காக அப்படியே ஏற்றிவிடக் கூடாது. ஆரம்பத்தில் ஒரு கடைக்கு அடோபி ஆர்ஜிபியிலேயே படங்களைக் கொடுத்துவிட்டேன். வாட்ஸாப்பில் போனதும் மாம்பழ மஞ்சள் எல்லாம் வெளுத்துப் போனது. இப்போது வேலை அகலத்தில், கடைசியில் ஏற்றுமதி எஸ்ஆர்ஜிபியில், அதாவது போனுக்கும் இணையத்துக்கும் பொதுவான சின்ன நிற எல்லையில். அனுப்புமுன் அந்த எல்லைக்குள் எப்படித் தெரியும் என்று மானிட்டரை எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி ஒருமுறை பார்த்துவிடுவேன்.

மாதம் ஒருமுறை கேலிப்ரேஷன். மானிட்டரை அரை மணி நேரம் ஓடவிட்டு, கருவியைத் திரையில் தொங்கவிட்டு அளப்பேன். வெள்ளை 6500 கெல்வின், வெளிச்சம் 120 நிட்ஸ் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு). பெட்டியிலிருந்து எடுத்தபோது இருந்த வெளிச்சம் இதைவிட மிக அதிகம். ஆல்பம் பிரிண்ட் இருட்டாக வருகிறது என்று லேபோடு சண்டை போடுகிற நண்பர்கள் முதலில் தங்கள் பிரைட்னஸைக் குறைத்துப் பாருங்கள். என் ஆல்பங்கள் அதற்குப் பிறகு ஒருமுறைகூட இருட்டாக வரவில்லை.

அறையையும் கவனிக்க வேண்டியிருந்தது. என் அறைச் சுவர் இளம்பச்சை, மேற்கே ஜன்னல். மதுரை வெயில் மூன்று மணிக்கு மேல் உள்ளே வந்தால் எந்த மானிட்டரும் நிற்காது. சுவருக்குச் சாம்பல் வண்ணம் அடித்து, ஜன்னலுக்கு கனமான திரை போட்டேன், மொத்தச் செலவு ரூ.4,000-க்குள். சேலையை எந்த வெளிச்சத்தில் பார்த்து ஒப்பிடுகிறோம் என்பதும் முக்கியம். சில சாயங்கள் டியூப்லைட்டில் ஒரு நிறம், வெயிலில் ஒரு நிறம். காலை பத்து மணிக்கு வாசல் நிழலில் பார்த்த நிறத்தைத்தான் சேலையின் நிறம் என்று பெரியவரும் நானும் பேசி வைத்திருக்கிறோம்.

நான்கு வருடத் தேய்மானம்: 120 நிட்ஸுக்கு ஆரம்பத்தில் பிரைட்னஸ் 28-ல் வைத்தேன், இப்போது 34 வைக்க வேண்டியிருக்கிறது. பேக்லைட் மெல்ல மங்குகிறது, ஆனால் இன்னும் நிறைய மிச்சம் இருக்கிறது. இடது கீழ் மூலையில் கறுப்புப் படம் வந்தால் லேசான வெளிச்சக் கசிவு முதல் நாளிலிருந்தே உண்டு. வேலையைக் கெடுக்கவில்லை. இரண்டாம் வருடம் ஒரு சிவப்புப் புள்ளி அணையாமல் நின்றது. வாரண்டியில் கேட்டபோது ஒரு புள்ளிக்கு மாற்ற மாட்டோம் என்றார்கள், அது எனக்கு வருத்தம்தான். ஒரே ஒரு பிரகாசப் புள்ளி இருந்தாலும் மாற்றித் தருகிற நிறுவனங்களும் உண்டு, வாங்குமுன் அந்த விதியைப் படித்துவிடுங்கள். திரையைத் துடைக்க மைக்ரோஃபைபர் துணியும் கொஞ்சம் தண்ணீரும் போதும். கண்ணாடிக்கு அடிக்கிற ஸ்ப்ரே பட்டால் மேல் பூச்சு போய்விடும். கோடையில் மின்சாரம் ஏறி இறங்குவதால் யுபிஎஸ் இல்லாமல் ஒரு நாளும் ஓட்டியதில்லை.

நான் எதிர்பாராமல் அதிகம் பயன்படுத்துவது, திரையை நெட்டுக்குத்தாகத் திருப்புகிற ஸ்டாண்ட். தொங்கவிட்ட சேலையின் முந்தானை முதல் கரை வரை முழு உயரத்தில் தெரியும். விலை குறைந்த மாடல்களில் முதலில் வெட்டுவது இந்த ஸ்டாண்டைத்தான். எச்டிஆர் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் நடுவே அதிக வித்தியாசம் காட்டும் வசதி) 400 என்கிற முத்திரைக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள், அந்த வெளிச்சத்தில் எச்டிஆர் என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஓஎல்இடி மானிட்டர்கள் இப்போது அழகாக வருகின்றன. ஆனால் படம் திருத்தும் லைட்ரூம் மென்பொருளின் ஓரப் பட்டைகள் நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்கும் வேலை எனக்கு, அவை அந்தத் திரையில் நிரந்தரத் தழும்பாக விழுமோ என்ற பயத்தில் நான் தொடவில்லை.

போன மாதம் திருமங்கலத்திலிருந்து அக்கா மகன் வந்திருந்தான். அவனும் கல்யாணப் படம் எடுக்க ஆரம்பித்திருக்கிறான், கையில் ரூ.25,000. "மாமா, இந்தக் காசுக்கு 4கே கிடைக்குது, வாங்கிரவா?" என்றான். 4கே வேண்டாம் என்றேன். 27 இன்ச், 2560-க்கு 1440, ஐபிஎஸ், எஸ்ஆர்ஜிபி முழுதாகக் காட்டுவது, உயரம் ஏற்றி இறக்கும் ஸ்டாண்ட், டிஸ்ப்ளேபோர்ட். இவ்வளவு இருந்தால் இப்போதைக்குப் போதும். கலரிமீட்டர் அவன் வாங்க வேண்டாம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து என்னுடையதை எடுத்துப் போய், திங்கட்கிழமை கொண்டு வந்து கொடுத்தால் சரி.