மெயிலில் ‘படித்தது’ என்று குறி போடுவது யார்?

இன்பாக்ஸில் எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகும் செயலியின் தலையில் 3 என்றோ 17 என்றோ ஓர் எண் போகாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். ஜிமெயில், அவுட்லுக், தண்டர்பேர்ட் மூன்றிலும் வருடக்கணக்காகப் புழங்கினால் ஒன்று பிடிபடும்: நாம் படித்தோமா என்பது எந்தச் செயலிக்கும் தெரியாது. மெயிலைத் திறந்ததும் ‘பார்த்தாயிற்று’ என்று அதன்மீது ஒரு குறி விழுகிறது, அவ்வளவுதான்.

மெயிலைச் சர்வரிலேயே வைத்துப் படிக்கும் ஐமேப் முறையில் அந்தக் குறி சர்வரிலேயே இருக்கும். போனில் திறந்தால் கணினியிலும் தடித்த எழுத்து மெலிந்துவிடும். மெயிலை ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியே இறக்கும் பாப் முறையில் இப்படியொரு குறியே கிடையாது. போன் ஒரு கணக்கு வைக்கும், லேப்டாப் இன்னொரு கணக்கு வைக்கும். “போனில் பார்த்துவிட்டேன், லேப்டாப்பில் இன்னும் புதுசாகவே நிற்கிறது” என்றால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். கணக்கை நீக்கி ஐமேப்பில் மறுபடி சேர்த்தால் சரியாகும். ஆனால் நீக்கும் முன் பிரவுசரில் திறக்கும் வெப்மெயிலில் நுழைந்து, பழைய மெயில்கள் சர்வரில் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். இறக்கியதும் சர்வரில் அழித்துவிடும்படி பாப் அமைந்திருந்தால், கணக்கோடு மெயிலும் போய்விடலாம்.

அவுட்லுக்கின் தொல்லை வேறு. மெயிலின் உள்ளடக்கத்தைப் பட்டியலோடு சேர்த்துக் காட்டும் வாசிப்புப் பலகம் (ரீடிங் பேன்) திறந்திருக்கும்போது கீழ் அம்புக்குறியை அழுத்திக்கொண்டே போனால், கடந்து போன மெயில் எல்லாம் படித்ததாகிவிடும். பழைய டெஸ்க்டாப் பதிப்பில் ஃபைல், ஆப்ஷன்ஸ், மெயில் வழியாக ரீடிங் பேன் அமைப்புக்குப் போய், படித்ததாகக் குறிக்கும் இரண்டு டிக்குகளையும் எடுத்துவிட்டால் நிற்கும். பிறகு மெயிலைத் தனி ஜன்னலில் திறந்தாலோ, கண்ட்ரோலும் க்யூவும் சேர்த்து அழுத்தினாலோதான் படித்ததாகும். கண்ட்ரோலும் யூவும் அதைத் திருப்பிவிடும். தண்டர்பேர்டில் இத்தனை விநாடி கழித்துக் குறி போடு என்று சொல்லலாம். எம் விசை ஒன்றே இரு பக்கமும் மாற்றும். மூன்றில் இந்த விஷயத்தில் ஒழுங்கானது இதுதான்.

ஜிமெயிலில் போகாத எண்ணுக்குக் காரணம் பெரும்பாலும் ப்ரமோஷன்ஸ் போன்ற தாவல்களில் கிடக்கும் பழைய மெயில்கள். ஒரு நீண்ட உரையாடலில் நடுவே ஒரே ஒரு பதில் திறக்கப்படாமல் இருந்தாலும் முழு உரையாடலும் தடித்தே நிற்கும். கணினியில் தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் இஸ், முக்காற்புள்ளி, அன்ரீட் என்று இடம் விடாமல் அடித்தால் ஒளிந்தவை வெளியே வரும். அவற்றை ஒரேயடியாகப் படித்ததாக்க மேலேயுள்ள கட்டத்தை டிக் செய்தால் அந்தப் பக்கத்தில் தெரிபவை மட்டுமே தேர்வாகும், வழக்கமாக 50. அதன்பின் தோன்றும் ‘எல்லாவற்றையும் தேர்ந்தெடு’ வரியையும் அழுத்த வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். உண்மையிலேயே வாசிக்க வேண்டிய நாலைந்துக்கு முன்கூட்டியே நட்சத்திரம் போட்டு வையுங்கள். ஆயிரக்கணக்கில் குறி மாறிய பிறகு அவற்றைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு.

நாம் அனுப்பியதை எதிராளி திறந்தாரா என்று காட்டும் கருவிகள் கண்ணுக்குத் தெரியாத ஒரு துளிப் படத்தை நம்பி ஓடுபவை; அந்தப் படம் இறங்கினால் மெயில் திறக்கப்பட்டதாகக் கணக்கு. 2021-இல் ஆப்பிள் மெயிலில் வந்த அந்தரங்கப் பாதுகாப்பு, மெயிலைத் தொடாமலே படங்களை முன்கூட்டி இறக்கிவிடுகிறது. அதை இயக்கி வைத்திருக்கும் ஐபோன்காரர் தூங்கிக்கொண்டிருந்தாலும் ‘திறந்தார்’ என்றே காட்டும்.