பிரிக்பீல்ட்ஸ் ஆங்கில வகுப்பு: வினைச்சொல்லுக்காகப் போகலாம், உச்சரிப்புக்காக வேண்டாம்

எனக்கு வழக்கறிஞர் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. காலையிலிருந்து மாலைவரை கடிதம், நோட்டீஸ், மின்னஞ்சல், எல்லாமே ஆங்கிலத்தில். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம், அப்புறம் இடைநிலைப்பள்ளியில் மலாய்மொழியில் எஸ்பிஎம் (பள்ளியிறுதித் தேர்வு) என்று வந்த என்னைப் போன்றவர்களுக்கு ஆங்கிலச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. எந்தச் சொல் எதோடு சேரும் என்பதில்தான் தகராறு. அதற்காகத்தான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் நடக்கும் மாலை வகுப்பில் சேர்ந்தேன். குறைகளையும் எழுதப் போவதால் வகுப்பின் பெயரைப் போடவில்லை.

நடத்துபவர் இடைநிலைப்பள்ளியில் பாடம் சொல்லி ஓய்வுபெற்ற ஒரு டீச்சர். தமிழர். சின்னப் பையன்கள் அவரை மலாயில் 'சிக்கு' (ஆசிரியர்) என்கிறார்கள், எங்களுக்கு 'டீச்சர்'. வகுப்பில் கலவையான கூட்டம்: முவெட் (பல்கலைக்கழக நுழைவுக்கான ஆங்கிலத் தேர்வு) எழுதப்போகும் மாணவர்கள், ஒரு தாதி, கிராப் வாடகைக்கார் ஓட்டும் ஒருவர், என்னைப்போல் ஆபீஸ் ஆட்கள். டீச்சர் இலக்கணப் பெயர்களைச் சொல்லி மிரட்டுவதில்லை. வினைச்சொல்லை எடுத்துக்கொண்டு, 'இது யாரைப் பிடிக்கும், யாருடையதைப் பிடிக்கும், நடுவில் எந்தச் சின்னச் சொல் வரும்' என்று மூன்று கேள்வி கேட்பார். பாடமே அவ்வளவுதான்.

முதல் பாடத்தில் பலகையில் இரண்டு வாக்கியம் எழுதினார். 'ஷீ ஸ்லாப்ட் ஹிஸ் சீக்.' 'ஷீ ஸ்லாப்ட் ஹிம் ஆன் தி சீக்.' இரண்டும் சரி. தமிழிலும் 'அவன் கன்னத்தில் அறைந்தாள்' என்றும் சொல்கிறோம், 'அவனைக் கன்னத்தில் அறைந்தாள்' என்றும் சொல்கிறோம். அடுத்து 'ஷீ புரோக் ஹிஸ் ஆர்ம்' என்று எழுதிவிட்டு, இதையும் அதேபோல் மாற்றச் சொன்னார். முன்வரிசைப் பையன் தயங்காமல் 'ஷீ புரோக் ஹிம் ஆன் தி ஆர்ம்' என்றான்.

"தம்பி, அதைத் தமிழ்ல சொல்லிப் பாரு."

"அவனைக் கையில் உடைத்தாள்..." சொல்லும்போதே அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அறைவது, தட்டுவது, உதைப்பது, முத்தமிடுவது எல்லாம் ஆள்மேல் படுகிற செயல்கள். பட்டது ஆள், கன்னம் பட்ட இடம். அதனால் ஆளையே செயப்படுபொருளாக வைத்து, இடத்தைப் பின்னால் சொல்லலாம். உடைவது கை மட்டும்தான், ஆள் உடைவதில்லை. எனவே 'அவனுடைய கை' என்று உடைமையாகச் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. சார்ல்ஸ் ஃபில்மோர் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1970இல் அடிப்பதையும் உடைப்பதையும் எதிரெதிரே நிறுத்தி ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறாராம். 1993இல் பெத் லெவின் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆங்கில வினைகளை, எது எந்த அமைப்பில் நிற்கும், எதில் நிற்காது என்று பார்த்து வகைபிரித்தார். டீச்சர் இதையெல்லாம் போகிறபோக்கில் சொல்லிவிட்டு, எங்களைத் தமிழிலேயே சோதித்துப் பார்க்க வைத்தார். இந்த வகுப்புக்குக் கொடுத்த காசு அங்கேயே வசூலாகிவிட்டது என்பேன்.

தமிழ் கைகொடுக்காத இடத்தையும் அவர் மறைப்பதில்லை. நாம் 'கையைக் கழுவினேன்' என்கிறோம். என் கையைத்தான் கழுவியிருப்பேன், பக்கத்து வீட்டுக்காரர் கையையா கழுவப் போகிறேன்? மலாயிலும் 'பாசோ தாங்கான்' என்றால் போதும், யாருடைய கை என்று சொல்ல வேண்டியதில்லை. ஆங்கிலம் இதில் கறார்: 'வாஷ்ட் மை ஹேண்ட்ஸ்', 'ஷுக் ஹர் ஹெட்', 'புரஷ்ட் ஹிஸ் டீத்'. சொந்த உறுப்புக்கும் உரிமையாளர் பெயர் எழுதியாக வேண்டும். அதே ஆங்கிலம், ஆளை முன்னமே சொல்லிவிட்டால், 'ஹிம் ஆன் தி சீக்' என்று உடைமையை விட்டுவிட்டு வெறும் 'தி' போட்டுக்கொள்கிறது. தமிழ், மலாய் இரண்டு மொழிப் பழக்கமும் ஒரே பக்கம் இழுப்பதால்தான் நம் ஊர்ப் பிள்ளைகள் எழுதும்போது இந்த 'மை', 'ஹிஸ்' எல்லாம் உதிர்ந்து போகின்றன என்றார் டீச்சர். எத்தனையோ வருடம் கட்டுரை திருத்திய கை சொல்வது, நம்பலாம்.

எனக்கு அதிகம் உதவியது பறிப்பு, திருட்டு பற்றிய பாடம். ஆபீசில் போலீஸ் புகார் நகல்களைப் பார்த்துப் பழகியதால் காது தானாக நிமிர்ந்தது. 'ஸ்டோல்' என்றால் பொருளைப் பிடிக்கும்: 'ஸ்டோல் மை ஹேண்ட்பேக்'. வேண்டுமானால் பின்னால் 'ஃப்ரம் மீ'. 'ராப்' ஆளைப் பிடிக்கும்: 'ராப்ட் மீ ஆஃப் மை ஹேண்ட்பேக்'. வங்கி, கடை என்று இடத்தையும் பிடிக்கும். ஆனால் 'ராப்ட் மை ஹேண்ட்பேக்' நிற்காது. தமிழில் எந்த வினை வந்தாலும் 'என்னிடமிருந்து பையை' என்றே போய்விடலாம் என்பதால் இது நமக்கு உறைப்பதில்லை. இங்கே வரும் 'ஆஃப்' எதற்கு என்று தாதி கேட்டார். பழைய ஆங்கிலத்தில் 'ஆஃப்' என்பதற்கு 'விட்டு, நீங்கி' என்பதுதான் பொருள். இன்று இரண்டு 'எஃப்' போட்டு எழுதும் சொல்லும் இதுவும் அப்போது ஒன்றே. அந்தப் பழைய பொருள் 'ராப்', 'ரிட்', 'கியூர்' போன்ற சில வினைகளின் பின்னால் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று டீச்சர் விளக்கினார். மறுவாரம் தாதி, ஒரு நோயாளியின் இருமல் போன கதையை 'கியூர்ட் ஹிம் ஆஃப் ஹிஸ் காஃப்' என்று அழகாக எழுதிக்கொண்டு வந்தார்.

நான் என் பங்குக்கு 'டிப்ரைவ்' என்ற வினையைக் கொண்டுபோனேன். மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 5ஆம் பிரிவு முதல் உட்பிரிவிலேயே இருக்கிறது: சட்டப்படி அல்லாமல் யாருக்கும் உயிரோ தனிமனிதச் சுதந்திரமோ பறிக்கப்படக் கூடாது. ஆங்கிலத்தில் ஆள் எழுவாயாக முன்னால் நிற்கிறார், பின்னால் 'டிப்ரைவ்ட் ஆஃப் ஹிஸ் லைஃப்'. கைப்பையைப் பறிப்பவனுக்கும் அரசாங்கத்துக்கும் இலக்கணம் ஒன்றுதான். டீச்சர் சிரித்தார், ஆனால் பலகையில் எழுதவில்லை. அதே நாளில் 'சர்வ்' என்ற வினையும் தெளிந்தது: நோட்டீஸை முதலில் சொன்னால் 'ஆன் ஹிம்', ஆளை முதலில் சொன்னால் 'வித் தி நோட்டீஸ்'. இரண்டையும் கலந்து எழுதிய கடிதங்களை எங்கள் தொழிலில் நிறையப் பார்க்கலாம்.

'லாஸ்ட் ஹிஸ் டெம்பர்' என்பதில் எழுவாயின் கோபமே வரும், அடுத்தவர் கோபம் வராது. 'புல்ட் மை லெக்' என்றால் அடுத்தவர் காலாகத்தான் இருக்க வேண்டும். இந்த மாதிரி மரபுத்தொடர்களை அரைமணி நேரத்தில் ஓட்டிவிட்டார். இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம். அதற்கு ஈடாக 'வே' (வழி) பாடத்தில் நின்றார். தைப்பூசத்தன்று பத்துமலையில் 272 படிகளில் கூட்டத்தை முண்டித்தள்ளிக்கொண்டு ஏறியதை ஒரே வாக்கியத்தில் சொல்லச் சொன்னார். கிராப் அண்ணன் இரண்டு மூன்று வாக்கியமாக நீட்டினார். டீச்சர் எழுதியது: 'வீ எல்போட் அவர் வே த்ரூ தி கிரவுட்.' முழங்கை என்ற பெயர்ச்சொல்லே வினையாகி, உடைமையோடு ஒரு 'வே' சேர்ந்து, பின்னால் 'த்ரூ' வந்ததும் முண்டியடித்தது, வழி கிடைத்தது, கடந்து போனது எல்லாம் உள்ளே அடங்கிவிட்டது. 'அவர்', அதாவது 'எங்கள்', என்ற இடத்தில் வேறு யாரையும் போட முடியாது, அவரவர் வழியை அவரவர்தான் உண்டாக்க வேண்டும்.

இனி குறைகள். உச்சரிப்புக்கென்று ஒதுக்கும் கடைசி அரைமணி நேரம் வீண். பழைய ஒலிப்பதிவு, ஒலிபெருக்கியில் கரகரப்பு, கீழே பூக்கடைப் பாட்டுச் சத்தம். முவெட் பயிற்சி உண்டு என்று விளம்பரத் தாளில் போட்டிருக்கிறார்கள்; அந்தத் தேர்வில் கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் என நான்கு தாள்கள் இருக்க, இங்கே உருப்படியாக நடப்பது எழுதுதல் மட்டும். பேச்சுப் பயிற்சி தேவைப்படும் பிள்ளையை இங்கே அனுப்பாதீர்கள். குறிப்புகள் நகலின் நகல். ஓரத்து எழுத்துகள் வெட்டுப்பட்டு, எந்த முன்னிடைச்சொல் ('ஆன்', 'ஆஃப்' போன்ற சின்னச் சொல்) என்று ஊகிக்க வேண்டியிருக்கிறது. இந்தப் பாடத்துக்கு அது ரொம்பவே மோசம்.

கட்டணம் மாதம் 120 வெள்ளி (ரிங்கிட்), பதிவுக்குத் தனியாக 30. கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே வந்துவிடலாம். காரில் வந்தால் துன் சம்பந்தன் சாலையில் இடம் தேடியே முதல் பாதி வகுப்பு போய்விடும். வீட்டுப்பாடத்தை மின்னஞ்சலில் அனுப்பாமல் தாளில் எழுதிக் கொடுங்கள். தாளாக இருந்தால் டீச்சர் சிவப்பு மையில் வினையையும் அதன் துணைச்சொல்லையும் கோடு போட்டு இணைத்துத் திருப்பித் தருகிறார், மின்னஞ்சலுக்கு 'குட்' என்று மட்டும்தான் பதில் வருகிறது.