கப் ஸ்கவுட் குடும்ப முகாம்: பேக்கோடு போவதா, கவுன்சில் கேம்ப்புக்குப் போவதா?

அமெரிக்காவில் பிள்ளையை கப் ஸ்கவுட்டில் (தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கான சாரணர் இயக்கம்) சேர்த்துவிட்ட தமிழ்ப் பெற்றோருக்குக் குளிர் விட்டதும் வரும் குழப்பம் இது. சொந்த பேக் (பிள்ளை சேர்ந்திருக்கும் உள்ளூர்க் குழு) நடத்தும் ஓர் இரவு முகாம் ஒன்று. பல பேக்குகளைச் சேர்த்து கவுன்சில் (அந்த வட்டாரத்துச் சாரணர் நிர்வாக அமைப்பு) நடத்தும் ஃபேமிலி கேம்ப் இன்னொன்று. இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால், முதல் வருஷம் பேக்கோடு போங்கள் என்பதே என் கட்சி.

காரணம், ராத்திரி. பகலில் எந்த முகாமிலும் பிள்ளைகள் ஓடியாடிக் களிப்பார்கள். கேம்ப்ஃபயர் அணைந்து, கூடாரத் துணி காற்றில் படபடக்கும்போதுதான் ஆறு வயதுப் பிள்ளை நம் கையைப் பிடித்துக்கொள்ளும். பக்கத்துக் கூடாரத்தில் கேட்பது டென் (பேக்குக்குள் ஒரே வகுப்புப் பிள்ளைகளின் சிறு குழு) கூட்டத்தில் பழகிய நண்பனின் குரல் என்றால் பாதி பயம் போய்விடும். நானூறு பேர் தங்கும் இடத்தில் அந்தத் தெம்பு கிடைப்பது கஷ்டம். பேக்குகள் பெரும்பாலும் பக்கத்திலேயே இடம் பிடிப்பதால், காய்ச்சல் வந்தாலும் பிள்ளையை காரில் போட்டுக்கொண்டு வீடு வந்து சேரலாம்.

அடுத்தது சாப்பாடு. கவுன்சில் கேம்ப்பில் பொதுவாக டைனிங் ஹால் உண்டு. அடுப்பு மூட்ட வேண்டாம், பாத்திரம் துலக்க வேண்டாம். ஆனால் சைவக் குடும்பங்கள் பதிவுப் படிவத்திலேயே எழுதிக்கொடுத்து, போனதும் சமையலறையில் ஒருமுறை நேரில் கேட்டுவிடுவது நல்லது. பேக்ட் பீன்ஸ் பார்க்கச் சைவமாக இருக்கும். அதில் பன்றி இறைச்சி கலந்திருப்பது சகஜம். பேக் முகாமில் அடுப்பு நம் கையில். சனிக்கிழமை மதியத்துக்குப் புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போகலாம். காலையில் ப்ரொபேன் அடுப்பில் ரவா உப்புமா கிண்டினால் அடுத்த குடும்பமும் தட்டோடு வந்து நிற்கும். இரண்டு இடத்துக்கும் ஒரு எச்சரிக்கை: ஸ்மோர்ஸுக்கு (தீயில் வாட்டிய மார்ஷ்மெல்லோவை சாக்லேட்டோடு பிஸ்கட்டுக்கு நடுவில் வைக்கும் இனிப்பு) வாங்கும் சாதாரண மார்ஷ்மெல்லோவில் விலங்கிலிருந்து எடுத்த ஜெலட்டின் இருக்கிறது. ஜெலட்டின் இல்லாத டேன்டீஸ் பிராண்ட் மார்ஷ்மெல்லோ ஒரு பாக்கெட் கையில் இருந்தால், தீயைச் சுற்றி எல்லாரும் குச்சியில் வாட்டும்போது உங்கள் பிள்ளை மட்டும் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்காது.

கவுன்சில் பக்கமும் பலமான வாதம் உண்டு. பிபி துப்பாக்கி சுடுதல் கப் வயதுக்குக் கவுன்சில் அல்லது டிஸ்ட்ரிக்ட் (கவுன்சிலின் உட்பிரிவு) நிகழ்ச்சிகளில் மட்டும்தான். சொந்த பேக் நடத்த முடியாது. பயிற்சி பெற்ற ஊழியர்கள், ஏரியில் படகு, பல இடங்களில் மரமேடை மேல் கான்வாஸ் கூடாரமும் கட்டிலும். கூடாரமே வாங்காத குடும்பத்துக்கு இது பெரிய உபகாரம். பேக் முகாமின் தரமோ நடத்துபவர்களைப் பொறுத்தது. பலூ பயிற்சி (பேக் முகாம் நடத்துபவர்களுக்கான பயிற்சி) முடித்த தலைவர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் மழைக்கு மாற்றுத் திட்டம் போட்டு வைப்பவரும் உண்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பவரும் உண்டு. உங்கள் பேக்கில் திட்டம் போட்டு நடத்தும் ஆள் அமையவில்லை என்றால் என் பரிந்துரையை மாற்றிக்கொண்டு கவுன்சிலுக்கே போய்விடுங்கள்.

பாதுகாப்பு விதிகளில் வித்தியாசம் இல்லை. 21 வயது நிரம்பிய, பதிவு செய்த தலைவர்கள் குறைந்தது இருவர். பெண் பிள்ளைகள் வந்தால் பெண் தலைவர் ஒருவர். பிள்ளை தன் பெற்றோரோடு ஒரே கூடாரத்தில் படுக்கலாம். வேறு பெரியவரோடு கூடாது. நம் குடும்பங்கள் தடுக்கி விழுவது ஓர் இடத்தில்: 2023 செப்டம்பர் முதல், இரவு தங்கும் பெரியவர்கள் அனைவரும் பதிவு செய்திருக்க வேண்டும். சொந்தப் பிள்ளையோடு வரும் அப்பா அம்மாவுக்கு கப் முகாம்களில் விலக்கு உண்டு. ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டிக்குக் கிடையாது. அவர்கள் பகலில் வந்து இருந்துவிட்டுச் சாயங்காலம் திரும்புவது சுலபம். இதற்கு பேக் முகாமின் பக்கத்துத் தூரம்தான் கைகொடுக்கும்.

உடல்நலப் படிவத்தில் ஏ, பி பகுதிகள் இரண்டுக்கும் போதும். 72 மணி நேரத்தைத் தாண்டும் கோடை முகாமுக்குத்தான் டாக்டர் கையெழுத்திடும் சி பகுதி வேண்டும். குளிருக்கு, ஸ்லீப்பிங் பேக்கை விட அதன் அடியில் போடும் பேடைக் கவனியுங்கள். தரைதான் சூட்டை இழுக்கிறது. பகலெல்லாம் போட்ட சாக்ஸைப் படுக்கும்முன் மாற்றிவிடுங்கள்.

பிள்ளை எட்டு வயதைத் தாண்டி, ஏற்கெனவே கூடாரத்தில் தூங்கிப் பழகியிருந்தால், தயங்காமல் கவுன்சில் கேம்ப்புக்குப் பணம் கட்டுங்கள். இடங்கள் சீக்கிரம் நிரம்பும். தம்பி தங்கையையும் அழைத்து வரலாமா என்று பதிவுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.