காவல் பயிற்சி கொடுத்த ஜெர்மன் ஷெப்பர்ட்: தோட்டத்துச் சாளையில் சில வருட அனுபவம்

காங்கயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில் எங்கள் தோட்டம். சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், அப்பாவும் அம்மாவும் மட்டும்தான். தோட்டத்து வீடுகளில் தனியாக இருந்த வயசானவர்களைக் கொன்று கொள்ளையடித்த சம்பவங்களுக்குப் பிறகு, இந்தப் பக்கம் எங்கே போனாலும் பேச்சு கேமராவும் நாயும்தான். நாங்கள் இரண்டுமே வைத்தோம். நாய் விஷயத்தில் வருடக்கணக்கில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்: கடிக்கப் பழக்குவது சுலபம். கடித்த வாயைச் சொன்ன நொடியில் விடப் பழக்குவதற்குத்தான் நல்ல பயிற்சியாளர் தேவை, காசும் அதற்குத்தான் கொடுக்க வேண்டும்.

குட்டியாக வந்த முதல் சில மாதங்கள் கடிப் பயிற்சி பற்றிப் பேச்சே இல்லை. டிராக்டர் சத்தம், பால்காரர் வண்டி, சந்தைக் கூட்டம், ஆட்டுப்பட்டி என்று எல்லாவற்றையும் பயமில்லாமல் பார்க்க வைத்தார் பயிற்சியாளர். நாலு முதல் ஆறு மாதத்தில் பால் பல் விழுந்து புதுப்பல் முளைக்கும். அந்தச் சமயத்தில் துணியைக் கடித்து இழுக்கிற விளையாட்டையும் நிறுத்தச் சொன்னார். ஈறு வலித்தால் கடிப்பதற்கே தயங்க ஆரம்பித்துவிடுமாம். ஜெர்மனியிலிருந்து வந்த, நாய்களுக்கான ஐஜிபி தேர்வில் மோப்பம், கீழ்ப்படிதல், காவல் என்று மூன்று பிரிவு, ஒவ்வொன்றுக்கும் 100 மதிப்பெண். 18 மாதம் ஆகாத நாயை முதல் நிலைத் தேர்வுக்கே சேர்க்க மாட்டார்கள். நாங்கள் தேர்வுக்குப் போகவில்லை, ஆனால் அந்த வரிசையை மாற்றாமல்தான் பழக்கினோம். ஆறே மாதக் குட்டிக்குக் கடிப் பயிற்சி தருகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள்.

கை உறையைக் கடிக்கப் பழக்கும் ஸ்லீவ் பயிற்சியை ஒரு தடவையாவது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். திருடன் மாதிரி நடிக்கிற ஹெல்பர், சணல் உறை மாட்டிய கையைக் குறுக்கே நீட்டிக்கொண்டு பின்வாங்குவார். நாய் பாய்ந்து கவ்வும். முன்பல்லால் கொறித்தால் அது பயத்தில் கடிக்கிறது. வாய் நிறையக் கவ்வி, அசையாமல் பிடித்தால்தான் தைரியமாக இருக்கிறது என்று அர்த்தம். பிறகு ஹெல்பர் மரம் மாதிரி அசையாமல் நிற்பார். "அவுட்" என்றதும் வாயை எடுத்து, ஓரடி தள்ளி உட்கார்ந்து, அவர் முகத்தையே பார்த்துக் குரைக்க வேண்டும். விட்டதற்குப் பரிசாக மறுபடி கடிக்க விடுவார்கள். விட்டால் விளையாட்டு தொடரும் என்று நாய்க்குப் புரிகிற வரைக்கும் நீளக் கயிற்றை அவிழ்க்கவே இல்லை.

பக்கத்துத் தோட்டத்தில் வேறு மாதிரி செய்தார்கள். ஒரு பயிற்சி மையத்தில் மூன்று மாதம் விட்டு வாங்கினார்கள். வாட்ஸ்அப்பில் வந்த வீடியோக்கள் பிரமாதம். வீட்டுக்கு வந்தபிறகு அது யார் பேச்சையும் கேட்கவில்லை, ஏனென்றால் வீட்டுக்காரருக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. எங்கள் பயிற்சியாளர் அப்பாவைத்தான் அதிகம் வேலை வாங்கினார். "ஏனுங்கய்யா, நீங்க கொஞ்சிட்டே சொன்னா அது எப்படிங்க கேக்கும்?" என்று அவரிடமே கேட்டுவிட்டார். அம்மா, அப்பா, நான் மூன்று பேரும் ஒரே கட்டளையை ஒரே குரலில் சொல்லப் பழகினோம். இன்றைக்கும் காலையில் வெயில் ஏறுவதற்குள் கால் மணி நேரம் கீழ்ப்படிதல் பயிற்சி உண்டு. போலீஸ் மோப்ப நாய்க்கு அதற்கென்றே ஆள் இருக்கிறார். நம் வீட்டில் அந்த ஆள் நாம்தான்.

ஆட்டுக்காரர்கள் கேட்பது: தெருநாய்கள் பட்டியில் புகுந்து கடிக்கின்றனவே, இது காக்குமா? என் அனுபவத்தில், இல்லை. ஓடுகிற எதையும் துரத்தச் சொல்லும் குணம்தான் இந்த இனத்துக்குப் பயிற்சியின் அடிப்படை. ஆடு ஓடினாலும் அதற்குத் துரத்தத்தான் தோன்றும். எங்கள் நாய் ஆடுகளைக் கண்டுகொள்ளாமல் இருக்கவே நிறைய உழைப்பு தேவைப்பட்டது. பட்டிக்கு, குட்டியிலிருந்து ஆடுகளோடு வளர்ந்த நாட்டு நாய்தான் சரி.

செலவு என்று பார்த்தால் தீனியைவிட உண்ணிதான் படுத்துகிறது. கொரங்காடு என்கிற மேய்ச்சல் நிலத்துப் புல்லில் ஒரு சுற்று வந்தால் காது மடல், விரல் இடுக்கு எல்லாம் உண்ணி. ஒரு முறை தீனி எடுக்காமல் படுத்துவிட்டது, ஈறு வெளுத்திருந்தது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய் ரத்தம் பார்த்தால் உண்ணிக் காய்ச்சல். சீக்கிரம் பார்த்ததால் பிழைத்தது. இப்போது உண்ணி மருந்து தேதி தவறுவதில்லை.

மோட்டார் ரூம் பக்கம் ஒரு ராத்திரி ஆள் நடமாட்டம். கூண்டைத் திறந்துவிட்டதும் அது குரைத்த குரலுக்கே வேலி தாண்டி ஓடிவிட்டார்கள், கேபிள் தப்பியது. பயிற்சிக்கு வெளியே அது இதுவரை யாரையும் கடித்ததில்லை, எனக்கு அதில்தான் பெருமை. கரண்ட் கணக்கெடுக்க வருபவர், உறவுக்காரர் குழந்தைகள் என்று ஆள் வரும் வீடு. பகலில் கூண்டு, கேட்டில் போர்டு இரண்டும் கட்டாயம். நாய் வைத்திருப்பவர் போதிய கவனம் எடுக்காமல் அடுத்தவருக்கு ஆபத்து வந்தால், பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆவது பிரிவில் 6 மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம்.

இப்போது எல்லோரும் பெல்ஜியன் மாலினாய் கேட்கிறார்கள். அற்புதமான நாய், ஆனால் நாள் முழுக்க வேலை கேட்கும். வயசானவர்கள் மட்டும் இருக்கிற சாளைக்கு நான் சொல்ல மாட்டேன். தினமும் பயிற்சி கொடுக்க ஆள் இல்லையென்றால் ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் கடிப் பயிற்சி வேண்டாம். கீழ்ப்படிதல் மட்டும் பழக்கி, சத்தமாகக் குரைக்கிற நாயாக வைத்துக்கொண்டாலே தோட்டத்துக் காவலுக்குப் போதும்.