காளை ஏ.வி. செட்: உருளை தரம், கூம்பு சுமார்

பெங்களூருக்கு வடக்கே ஒரு பொலிகாளைப் பண்ணையில் விந்து சேகரிப்பது என் வேலை. வழக்கமான கடையில் சரக்கு தீர்ந்துபோனதால், வேறொரு கடையில் டேனிஷ் மாடல் ஏ.வி., அதாவது காளையிடம் விந்து எடுக்கும் செயற்கைப் பிறப்புறுப்பு, வாங்கினோம். கெட்டி ரப்பர் உருளை, உள்ளே மெல்லிய ரப்பர் உறை, பின்பக்கம் கூம்பு, அதன் முனையில் அளவுக்குழாய். அவ்வளவுதான் சாமான்.

உருளையில் குறையே இல்லை. இங்கே டிசம்பர் விடியற்காலையில் உருளைக்கும் உறைக்கும் நடுவே வெந்நீர் ஊற்றிவிட்டு காளைக்குக் காத்திருந்தால் சூடு மளமளவென்று இறங்கும். தாவுவதற்கென்று நிறுத்தும் டம்மி மாட்டின் மேல் காளை தாவும் நேரத்தில் உள்ளே 42 முதல் 45 டிகிரி இருக்க வேண்டும். ஆறிப்போனால் சில காளை உந்தாமலே இறங்கிவிடும், சில சிறுநீரை விட்டுத் தொலைக்கும். அதிகம் சுட்டாலோ மறுமுறை தாவவே யோசிக்கும். இந்த உருளை நன்றாகவே சூடு தாங்குகிறது.

கூம்புதான் சுமார். எத்தனை அலசினாலும் ரப்பர் வாடை போகவில்லை. சில ரப்பர் விந்தணுவுக்கு நஞ்சு. சோப்பு மிச்சமோ ஒரு சொட்டுத் தண்ணீரோ இருந்தாலும் கதை முடிந்தது. எங்கள் எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன் இனம்) காளை ஒன்று எப்போதும் நல்ல விந்து தருவது. புதுக் கூம்பில் எடுத்தபோது முன்னோக்கி நீந்தும் அணுக்கள் 70 சதவீதத்தைத் தொடவில்லை. அதற்குக் குறைந்தால் நாங்கள் குச்சியில், அதாவது சினை ஊசிக்கு விந்தை உறையவைக்கும் மெல்லிய குழாயில், அடைப்பதில்லை. பழைய கூம்பை மாட்டியதும் சரியாகிவிட்டது. மறுவாரம் வரிசையை மாற்றிப் பார்த்தோம், அதே முடிவு. இப்போது ஆய்வகத்துப் பெண் குழாயை வாங்கும்போதே, "அண்ணா, இன்னிக்கு எந்தக் கூம்பு?" என்கிறாள்.

கடைக்காரர், மின்சாரத்தால் தூண்டி விந்தை வரவைக்கும் மின்தூண்டல் கருவி ஒன்றையும் தலையில் கட்டப் பார்த்தார். தாவத் தேவையில்லை, டம்மி மாடு வேண்டாம், அளவும் கூடுதல் என்றார். அளவு கூடும், உண்மைதான். ஆனால் துணைச் சுரப்பிகளின் நீர் சேர்ந்து விந்து நீர்த்துப்போகும், சிறுநீர் கலக்கும் அபாயமும் உண்டு. கால் ஊனமாகித் தாவ முடியாத நல்ல காளைக்கு அது உதவும். தாவுகிற காளையை ஷாக் வைத்து ஏன் வதைக்க வேண்டும்?

இன்னொன்று. எந்த செட் வாங்கினாலும், காளையை இரண்டு முறை பொய்யாகத் தாவவிட்டு இறக்கி, அப்புறம் எடுத்தால்தான் விந்து அடர்த்தியாக வரும். 0.25 மி.லி. குச்சிக்கு 2 கோடி அணு என்று கணக்குப் போட்டால், அந்தச் சில நிமிடப் பொறுமைக்கு எத்தனை குச்சி கூடுதலாகக் கிடைக்கும் என்று தெரியும். வழுக்கலுக்கான ஜெல்லியை ஏ.வி.யின் வாய்ப்பக்கம் மட்டும் லேசாகத் தடவுங்கள். வழிந்து குழாய்க்குள் இறங்கினால் அதுவும் கெடுதல்தான்.

விலை பரவாயில்லை. ஐந்துக்கு மூன்று தருவேன். உருளையை மட்டும் தனியாகத் தருகிறார்கள், அதை வாங்கலாம். பிரித்த கூம்பை மாற்றித் தர மாட்டேன் என்றுவிட்டார்கள். செட்டாக வாங்கினால், கூம்பை மாற்றித் தருவதாகப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.